முழங்காலுக்கு ஸ்டெம் செல் ஊசியா, பயிற்சியா, மாற்று மூட்டா? செட்டிநாட்டு வீடுகளுக்காக ஓர் ஒப்பீடு

"ஒரே ஒரு ஊசிதானாம், தேய்ந்துபோன ஜவ்வு திரும்ப வளர்ந்துவிடுமாம், கத்தி வைக்கவே வேண்டாமாம்." காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஐம்பதைக் கடந்தவர்கள் கூடும் இடத்தில் இப்போது இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கைப்பேசியில் விளம்பரம் அனுப்புகிறார்கள். மதுரைக்கோ சென்னைக்கோ போய்வந்த உறவினர் சிபாரிசு செய்கிறார். கேட்கப்படும் தொகையோ இலட்சக்கணக்கில். வலியோடு இருப்பவர்களிடம் விற்கப்படுவது நம்பிக்கை. அதனால்தான் இதை ஆற அமர ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடக்க முடிகிற நிலையில் உள்ள முழங்காலுக்கு முறையான பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் முதல் தேர்வு. முழுவதும் தேய்ந்துவிட்ட முழங்காலுக்கு மாற்று மூட்டு. ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு குறுகிய இடத்தில், அதுவும் நிபந்தனைகளோடு மட்டுமே நிற்கிறது. விளம்பரம் அதை எல்லா இடத்துக்கும் நீட்டுகிறது.

'ஸ்டெம் செல் ஊசி' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து எலும்பு மஜ்ஜையை உறிஞ்சி, சுழல் இயந்திரத்தில் செறிவாக்கி, அன்றைக்கே முழங்காலில் செலுத்துவது. இரண்டாவது, வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த செல் கலவை. மூன்றாவது, ஆய்வகத்தில் பல நாள் வளர்த்துப் பெருக்கிய செல்கள். இவை நோயாளியின் உடலிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம், ஆரோக்கியமான கொடையாளர்களிடமிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. எலும்பு மஜ்ஜையில் நாம் தேடும் வகைச் செல் பத்தாயிரத்திலிருந்து இலட்சம் செல்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. செறிவாக்கினாலும் அந்த ஊசிக்குள் பெரும்பாலும் இருப்பது மற்ற இரத்தச் செல்களே.

வயலில் விதை தூவுவதுபோல இந்தச் செல்கள் மூட்டுக்குள் விழுந்து குருத்தெலும்பாக (எலும்பு முனைகளை மெத்தைபோல மூடியிருக்கும், பேச்சில் 'ஜவ்வு' எனப்படும் திசுவாக) முளைக்கும் என்றுதான் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் செல்களுக்கு 1991இல் 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரைப் பரவலாக்கியவர் அமெரிக்க உயிரியலாளர் ஆர்னால்டு காப்லன். அவரே 2017இல் அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று எழுதினார். உடலுக்குள் செலுத்திய பின் இவை புதிய திசுவாக மாறுவதில்லை, சுற்றியுள்ள செல்களுக்கு வேதிச் செய்திகளை அனுப்பி அழற்சியைத் தணிக்கும் வேலையைத்தான் செய்கின்றன என்பது அவர் வாதம். ஆக, எதிர்பார்க்கக்கூடியது வலி குறைவதுதான். தேய்ந்த இடம் திரும்ப வளரும் என்று ஒருவர் உறுதி கொடுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

வலியையாவது மற்ற ஊசிகளைவிடக் கூடுதலாகக் குறைக்கிறதா? இதற்கு இதுவரை கிடைத்த மிகத் தெளிவான விடை 2023இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு. முழங்கால் தேய்மானம் உள்ள 475 பேரில் சிலருக்கு மஜ்ஜைச் செறிவு, சிலருக்குக் கொழுப்புச் செல், சிலருக்குத் தொப்புள்கொடிச் செல், மீதிப் பேருக்குச் சாதாரண ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது செல் ஊசிகளில் எதுவும் ஸ்டீராய்டை விஞ்சவில்லை. எல்லாப் பிரிவினருக்கும் ஓரளவு வலி குறைந்திருந்தது, அவ்வளவுதான். சில நூறு ரூபாயில் முடியும் மருந்தை இலட்சங்களில் விற்கும் மருந்து வெல்ல முடியவில்லை என்றால், வீட்டுச் செலவைக் கையாளும் எவருக்கும் அது முக்கியமான செய்தி.

எதிர்த்தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் கொடையாளர் மஜ்ஜையிலிருந்து வளர்த்துத் தயாரிக்கும் 'ஸ்டெம்பியூசெல்' மருந்துக்கு, முழங்கால் தேய்மானத்தின் 2, 3ஆம் நிலைகளுக்காக (எக்ஸ்ரே பார்த்து 4 வரை தரம் பிரிக்கும் அளவில் இலேசானதும் நடுத்தரமானதும்), இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2022இல் ஒப்புதல் அளித்தார். 146 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், போலி மருந்து (ஒப்பிடுவதற்காகப் போடும், மருந்துச் சத்து இல்லாத ஊசி) பெற்றவர்களைவிட இதைப் பெற்றவர்களுக்கு 12 மாதங்களில் வலியும் நடமாட்டமும் மேம்பட்டிருந்தன. ஸ்கேனில் குருத்தெலும்பின் தரம் மேலும் கெடாமல் நின்றதாகவும் கண்டார்கள். கெடாமல் நிற்பது வேறு, வளர்வது வேறு. ஒப்பிட்டது போலி மருந்தோடு, பயிற்சியோடு அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும், எடையைக் குறைத்து, சில மாதம் பயிற்சியும் செய்து, அதன் பிறகும் வலி தீராத 2, 3ஆம் நிலை நோயாளி, தன் நிதி நிலைக்கு உட்பட்டு இந்த ஒப்புதல் பெற்ற மருந்தைப் பற்றி எலும்பு மருத்துவரிடம் பேசுவதில் தவறில்லை. 4ஆம் நிலைக்கு அது உரியது அல்ல. ஓரிரு மணி நேரத்தில் எடுத்துச் செறிவாக்கிக் கொடுக்கும் கலவைகளுக்கு இந்த ஒப்புதல் பொருந்தவும் பொருந்தாது.

இனிப் பயிற்சி. இதைச் சொன்னால் நம்மவர்கள் முகம் சுருங்குகிறது. 'காசு கொடுக்காத மருந்து மருந்தா' என்ற எண்ணம். ஆனால் 2020இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வில் 156 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு ஊசியும் மறு பாதிக்கு பிசியோதெரபியும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் பிசியோதெரபி பெற்றவர்களே வலியிலும் இயக்கத்திலும் முன்னே இருந்தார்கள். மேலே சொன்ன 475 பேர் ஆய்வையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஸ்டீராய்டை ஸ்டெம் செல் ஊசிகள் வெல்லவில்லை, பயிற்சி வென்றது. இரண்டும் வெவ்வேறு மக்களிடம் நடந்த ஆய்வுகள் என்பதால் நேரடியாகக் கழித்துக் கூட்ட முடியாது. ஆனாலும் எதை முதலில் முயல வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தவர் நாளெல்லாம் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு விளங்கும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கும் நகரத்தார் மரபில், அறுபது, எழுபது வயதுக்காரர்களும் நடக்கிறார்கள். புறப்படும் வாரத்தில் ஊசி போட்டுக்கொண்டு நடப்பவர்களும் உண்டு. வலி மரத்துப்போன மூட்டை நெடுந்தூரம் தார்ச்சாலையில் இழுத்துச் செல்வதை நினைத்தாலே எனக்கு மனம் பதறுகிறது. ஐப்பசியிலேயே தொடையின் முன்தசைக்குப் பயிற்சி தொடங்கினால் தைக்குள் மூன்று மாதம் கிடைக்கும். உயரமான நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, படுத்தபடி காலை நேராகத் தூக்கி நிறுத்துவது, தாழ்ந்த படியில் ஏறி இறங்குவது. நம் வீடுகளில் முகப்பிலிருந்து வளவுக்குள் போவதற்குள் படிகள் பல இருக்கின்றன, தனிக் கருவி எதுவும் வேண்டாம். கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறி பிசியோதெரபிக்கு வருவது முடியாத காரியம் என்பது உண்மைதான். இரண்டு மூன்று முறை போய் முறையாகக் கற்றுக்கொண்டு, வீட்டில் தொடர்ந்து செய்துவிட்டு, மாதம் ஒருமுறை காட்டினால் போதும். முதல் சில வாரம் வலி கூடும். அந்த இடத்தில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் துணை நிற்க வேண்டியதும் அப்போதுதான். "ஆச்சி, இன்றைக்குச் செய்துவிட்டீர்களா?" என்று கேட்க ஒரு பேத்தி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மற்ற ஊசிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்டீராய்டு சில வாரங்களுக்கு நிவாரணம் தரும். ஆனால் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது என்று 2017இல் தெரிந்தது. வலியிலும் வேறுபாடு இல்லை. சொந்த இரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.பி. ஊசியை 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புநீரோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டில் வலியில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 'ஜெல் ஊசி' எனப்படும் ஹயலூரானிக் அமிலத்தின் பலன் சிறியது.

நான்காம் நிலை என்றால் கதை வேறு. எலும்போடு எலும்பு உரசும் நிலையில், இரவில் தூக்கம் போய், கால் வில்லாக வளைந்தவருக்கு எந்தச் செல் ஊசியும் காலை நிமிர்த்தாது. 2015இல் டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்த ஆய்வில், மாற்று மூட்டு பொருத்திப் பயிற்சியும் கொடுத்தவர்கள், பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம் என்பதை மறைக்கக் கூடாது: தொற்று, இரத்தக்கட்டி, விறைப்பு. அதே ஆய்வில் அறுவை சிகிச்சை இல்லாத பிரிவில் ஏறத்தாழ நான்கில் மூவர் அந்த ஓராண்டில் அறுவை சிகிச்சைக்குப் போகவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மாற்று முழங்கால்களில் நூற்றுக்கு 82 அளவுக்கு 25 ஆண்டு தாங்குகின்றன என்று 2019இல் கணக்கிட்டார்கள். செலவைப் பொறுத்தவரை, 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் கருவிகளுக்கு விலை வரம்பு வைத்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியக் கருவிக்கு அப்போது வைத்த வரம்பு ரூ.54,720. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழும் தமிழக அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. தனியாரிடம் ஊசிக்கு நகையை அடகு வைக்கும் முன் சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிகளிலோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ ஒருமுறை காட்டிவிட வேண்டும். மாற்று மூட்டுக்குப் பின் பந்தியில் தரையில் சம்மணமிட்டு உட்காருவதும் குத்துக்காலிடுவதும் பெரும்பாலும் கைவிட வேண்டியவை. அறுவைக்கு முன்பே வீட்டில் மேற்கத்திய முறைக் கழிப்பறை அமைத்துவிடுவது நல்லது.

இளைஞர்களின் காயங்கள் வேறு வகை. சிறாவயல் மஞ்சுவிரட்டிலோ கபடியிலோ முழங்கால் திருகி முன் சிலுவை ஜவ்வு (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் பிணைக்கும் நார்) முழுதாக அறுந்துவிட்டால், ஊசி அதை ஒட்டவைக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. அங்கே உண்மையான போட்டி அறுவை சிகிச்சைக்கும் பயிற்சிக்கும்தான். ஸ்வீடனில் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், முதலில் பயிற்சி என்று தொடங்கிய 59 பேரில் 23 பேர்தான் இரண்டு ஆண்டுகளுக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். முடிவில் இவர்களின் முழங்காலும், தொடக்கத்திலேயே அறுவை சிகிச்சை செய்துகொண்ட மற்றப் பிரிவினரின் முழங்காலும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தன. நடக்கும்போதே கால் வழுக்கி விலகுகிறது என்றாலோ மீண்டும் களத்தில் இறங்கத் துடிக்கிறார் என்றாலோ அறுவை சிகிச்சையின் பக்கம் தராசு சாயும்.

தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வலிக்கும் செல் ஊசி இப்போது பரிந்துரைக்கப்படுகிறது. ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றி நாளெல்லாம் தரைக்கல் வார்ப்பவருக்கு முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால், அதற்கு ஸ்டீராய்டு ஊசிகூட ஆபத்தானது. 2013இல் 165 பேரிடம் நடந்த ஆய்வில் ஸ்டீராய்டு போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியது. போலி ஊசி போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கே. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணுக்கு ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வகுத்த முறை, படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்குவது. நாளுக்கு 180 முறை, 12 வாரம். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் பலன் உண்டு. இவ்வகை வலிகளுக்குச் செல் ஊசியின் சான்று சிறு ஆய்வுகளோடு நிற்கிறது. கூலி வேலை செய்பவரிடம் இதற்காக இலட்சம் கேட்பது அநியாயம் என்பேன்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகும் ஒருவர் செல் ஊசிக்குப் போவதென்று முடிவு செய்தால், அது அவர் உரிமை. ஆனால் சட்டநிலையைத் தெரிந்துகொண்டு போகட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்டது இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவையே. மற்றவை முறையான ஆய்வுக்கு வெளியே கொடுக்கப்படக் கூடாதவை. அதற்குப் பின் தனி ஒப்புதல் பெற்ற மருந்து மட்டும் விதிவிலக்கு. செலுத்தப்போவது எந்த மருந்து, அதன் ஒப்புதல் கடிதம் எங்கே, செல்கள் யாருடையவை, எங்கே வளர்க்கப்பட்டவை, ஸ்கேன் பார்த்தபடி ஊசி போடுவார்களா என்று எழுத்தில் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2018இல் தொப்புள்கொடி இரத்தப் பொருளைச் செலுத்திக்கொண்ட 12 பேர் கிருமித் தொற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இங்கும் 'தொப்புள்கொடிச் செல்' என்று சொல்லிக் கொடுப்பவர்களிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. "இது ஆய்வு" என்று யாராவது சொன்னால், இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் உள்ள பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வில் சேர்பவரிடம் அந்த ஊசிக்குப் பணம் வாங்கக் கூடாது.