டிரம்மர்களுக்கான ஆயத்த அவசரப் பை: கருவிகள் உண்டு, உதிரிகள் இல்லை

மேடைக் கச்சேரி வாசிக்கும் டிரம்மர்களுக்கென்று ‘எமர்ஜென்சி கிட்’ என்ற பெயரில் இணையக் கடைகளில் விற்கப்படும் சிறிய பை ஒன்றை, இந்த ஆண்டுத் திருவிழாப் பருவம் முழுவதும் உடன் எடுத்துச் சென்று பயன்படுத்திப் பார்த்தேன். ஏறக்குறைய இதே பையைப் பல விற்பனையாளர்கள் வெவ்வேறு முத்திரையில் விற்பதால், முத்திரையைவிட உள்ளே இருப்பதைச் சொல்வதே வாங்குபவருக்குப் பயன்படும். டிரம்மின் தோலை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் டிரம் கீ இரண்டு, மில்லிமீட்டரிலும் அங்குலத்திலும் ஆலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) வரிசைகள், முனை மாற்றக்கூடிய ஸ்க்ரூடிரைவர், சிறு டார்ச், சில ஃபெல்ட் வாஷர்கள், இரண்டு விங் நட் (கையால் திருகும் சிறகு நட்), ஒரு சுருள் கறுப்பு டேப். விலை, இரண்டு ஜோடி நல்ல ஸ்டிக் வாங்கும் பணம்.

ஆலன் கீகளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முனை மழுங்காமல் உழைக்கின்றன. டிரம் கீ இரண்டில் ஒன்று மட்டமான உலோகத்தில் வார்க்கப்பட்டிருப்பதால், ஸ்னேர் எனப்படும், அடியில் கம்பிச்சுருள் கொண்ட டிரம்மின் சற்று இறுக்கமான ஹெட்டில் (தோலில்) வைத்துத் திருகியதும் அதன் சதுரக் குழியின் மூலைகள் தேயத் தொடங்கிவிட்டன. மேடையில் விளக்கை அணைத்திருக்கும் நேரத்திலும் ஹெட்டை இறுக்கும் திருகான டென்ஷன் ராடின் தலையைத் தானே கவ்விக்கொள்ளும் காந்தக் கீ ஒன்றை எவன்ஸ் நிறுவனம் தனியாக விற்கிறது; அதை வாங்கி இந்தப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

ஆனால், கச்சேரி நடுவில் நின்றுபோவது பெரும்பாலும் கருவி இல்லாததால் அல்ல, மாற்றுவதற்கு உதிரி இல்லாததால்தான். இந்தப் பையைத் தயாரித்தவர்கள் அதை யோசிக்கவேயில்லை. ஸ்னேரின் அடியில் கம்பிச்சுருளைப் பிடித்திருக்கும் நூலோ பிளாஸ்டிக் பட்டையோ அறுந்தால், அந்தக் கணமே ஸ்னேர், கம்பிச்சுருள் இல்லாத வெறும் டாம் டிரம்மாக ஒலிக்கத் தொடங்கிவிடும். அதற்கான மாற்றுப் பட்டை ஒன்றுகூடப் பையில் இல்லை. இத்தனைக்கும் அது காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளே அல்ல. ரெமோ நிறுவனம் தொடங்கப்பட்ட 1957 முதல் பரவலாகப் புழங்கிவரும் ஹெட்டுகள் மைலார் எனப்படும் பாலியெஸ்டர் தாளால் ஆனவை; கழித்துப் போட்ட பழைய ஹெட்டிலிருந்து அரை அங்குல அகலத்தில், ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு துண்டுகளை வெட்டி, கம்பிச்சுருளின் முனைத் தகட்டிலுள்ள துளை வழியாக நுழைத்து மடித்து, கிளாம்ப்பில் வைத்து இறுக்கினால் போதும். கம்பிச்சுருள் நடுவில் அமர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் இழுத்திருந்தால் மெல்ல வாசிக்கும்போது கரகரப்பு தங்கிவிடும்.

பையோடு வரும் டேப்பை நான் தூக்கியெறிந்துவிட்டேன். நம் ஊர் வெயிலில் அதன் பசை உருகி, ஹெட்டிலும் விரலிலும் ஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒளி-ஒலி அமைப்பாளர்கள் கேபிள்களை ஒட்டப் பயன்படுத்தும் துணி நெய்த காஃபர் டேப்பில் இந்தத் தொல்லை குறைவு. காலால் பெடலை மிதித்து வாசிக்கும் கிக் டிரம்மின் ஹெட் கிழிந்தால் அதையே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு ஒட்டி, அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து வாசித்தால் அன்றைய நிகழ்ச்சியை ஓட்டிவிடலாம். பெடலின் அடிக்கும் முனையான பீட்டர் படும் இடத்தில் ஒட்டுவதற்கென்று விற்கும் ஒட்டுகள், கிழிவதற்கு முன்பே ஒட்ட வேண்டியவை.

வாடகை டிரம் செட்டில் வாசிப்பவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, விங் நட் அளவுதான் அடுத்த தலைவலி. பையிலுள்ள இரண்டும் 8 மில்லிமீட்டர் மரைக்கானவை. சிம்பலை (தாளத் தட்டை) மாட்டும் புதிய ஸ்டாண்டுகளில் அது பொருந்தும் என்றாலும், அமைப்பாளர் கொண்டுவரும் பழைய ஸ்டாண்டுகள் சிலவற்றில் 6 மில்லிமீட்டர் மரை இருக்கும். சிம்பலின் துளைக்கும் இரும்புத் தண்டுக்கும் இடையில் வரும் நைலான் குழாய் ஒன்றுகூட இல்லாதது அதைவிடப் பெரிய குறை. அது இல்லாமல் வாசித்தால் தண்டு துளையை அரித்து, பின்னாளில் அங்கிருந்துதான் விரிசல் புறப்படும். சிம்பல் நம்முடையது, ஸ்டாண்ட்தான் வாடகை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பலான ஹை-ஹாட்டின் மேல் சிம்பலைப் பிடித்திருக்கும் கிளட்ச் ஒன்றும் பெடலின் ஸ்பிரிங் ஒன்றும் தனியாகச் சேர்க்கப்பட வேண்டியவை. கிளட்ச்சின் அடி நட் கழன்று மேல் சிம்பல் தொங்கிப்போகும்போது, இருட்டில் அந்த நட்டைத் தேடுவதைவிட முழுக் கிளட்ச்சை மாற்றுவதே விரைவான வழி.

மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸோடு ஆக்டோபேடும் (மின்னணுத் தாளப் பலகை) வாசிப்பவர்கள் மாற்று அடாப்டர் ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். 9 வோல்ட் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிச் செருகிவிடக் கூடாது. பின்னின் நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா என்பதும், ஆம்பியர் போதுமா என்பதும் கருவியின் பின்புறம் அச்சிடப்பட்டிருப்பதோடு பொருந்த வேண்டும்.

இதுவரை எதுவும் சேர்த்து வைக்காத புதியவர் இதை வாங்கலாம். ஆலன் கீயும் ஸ்க்ரூடிரைவரும் ஏற்கெனவே வைத்திருப்பவர் அந்தப் பணத்தை கிளட்ச்சுக்கும் காஃபர் டேப்புக்கும் செலவழிப்பதே சரி. பையின் துணியும் ஜிப்பும் உறுதியானவை. மேற்சொன்ன உதிரிகளை அடுக்கிய பிறகும் மூடிக்கொள்கிறது. அடாப்டரை மட்டும் ஸ்டிக் பையில்தான் வைக்க வேண்டியிருக்கிறது.