முதலில் வேகம், அப்புறம் மேப்: டியூனிங் கருவிகள் ஓர் அலசல்

கார் என்ஜினை டியூன் செய்ய, ஓட்டத்தின்போது அதன் அளவுகளை வரிவரியாகப் பதிவதுதான் டேட்டா லாக். என் முதல் லாக்கைத் திறந்து பார்த்தபோது, கோடு மாடிப்படி மாதிரி ஏறியிருந்தது. மூன்றாவது கியர், முழு ஆக்சிலேட்டர், 2500-லிருந்து 6500 ஆர்பிஎம் வரை எட்டு விநாடி. பத்து அளவுகளைக் கேட்டிருந்தேன். கிடைத்தது மொத்தம் எட்டே வரி. 4100-இல் இக்னிஷன் டைமிங் (பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் என்பது) 19 டிகிரி, அடுத்த வரியில் 4600-இல் 14. நடுவில் நாக் (கலவை கட்டுமீறி வெடிக்கும் தட்டல்) வந்து என்ஜின் கம்ப்யூட்டரான இசியு பின்வாங்கியதா, அதற்கு வழிகாட்டும் எண் அட்டவணையான மேப்பே அங்கே அப்படித்தானா? அந்த எட்டு வரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான்கு சிலிண்டர் என்ஜின் 6000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 200 முறை பற்றவைக்கிறது. நானோ விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் எந்தக் கருவி என்று யார் கேட்டாலும், விநாடிக்கு எத்தனை வரி என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். எவ்வளவு பவர் கூடும் என்ற கேள்வி அதற்கு அப்புறம்.

காரின் சோதனை சாக்கெட்டில் (ஓபிடி-2) செருகும் கையடக்க ப்ளூடூத் டோங்கிள்களில் இருப்பது பெரும்பாலும் ஈஎல்எம்327 சிப்பின் நகல். அசலைச் செய்தது கனடாவின் ஈஎல்எம் எலக்ட்ரானிக்ஸ். நகல்கள் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் 1.5 என்ற பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. செக் என்ஜின் விளக்கு ஏன் எரிகிறது என்று பார்க்க இது தாராளம். டியூனிங்குக்கு இரண்டு இடத்தில் உதைக்கும். ஒவ்வோர் அளவையும் தனித்தனியாகக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதால் பட்டியல் நீள நீள வேகம் படுத்துவிடும். அதைவிட முக்கியம், ஓபிடி-2 பொதுப் பட்டியலில் ஆர்பிஎம், டைமிங், ஃபியூவல் ட்ரிம் (இசியு செய்யும் எரிபொருள் திருத்தம்) எல்லாம் உண்டு, நாக் காரணமாக இசியு எத்தனை டிகிரி குறைத்தது என்பது கிடையாது. நமக்கு வேண்டியதே அதுதான்.

ஓபிடிலிங்க் எம்எக்ஸ்+ இதே வேலையை ஒழுங்காகச் செய்யும் கருவி. வேறு சிப், நல்ல வேகம், இணைப்பும் நடுவில் அறுந்து போகாது. மேப்பை வேறொருவர் எழுதித் தருகிறார், நமக்குக் கண்காணித்தால் போதும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கார் பழசாக இருந்தால் மட்டும் ஒரு சங்கதி: ஐஎஸ்ஓ 9141 என்ற பழைய வகைத் தகவல் வயரில் விநாடிக்கு 10,400 பிட்தான் போகும். புதிய கார்களின் கேன் பஸ் வயரில் வழக்கமாக 5,00,000. அந்தப் பழைய வயரில் எத்தனை உசத்தியான கருவியைச் செருகினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

மேப்பை எழுதவும் வேண்டும் என்றால் ஆட்டம் வேறு. கோப் ஆக்சஸ்போர்ட் சோம்பேறிகளின் செல்லம். இதைப் பழிப்பாகச் சொல்லவில்லை. லேப்டாப் தேவையில்லை, டேஷ்போர்டில் ஒட்டிவைத்தால் மீட்டராகவும் ஓடும், லாக்கும் எடுக்கும். ஆனால் அது ஒரு காருக்குத் தாலி கட்டிக்கொள்ளும். பழைய மேப்பைத் திரும்ப ஏற்றி முறைப்படி பிரித்தால்தான் அடுத்த காருக்குப் போகும். பயன்படுத்தியதை வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

எச்பி டியூனர்ஸின் எம்பிவிஐ3 பல கார் வைத்திருப்பவருக்கு. ஒரே பெட்டி, ஒவ்வொரு காருக்கும் தனியாகக் கிரெடிட் (உரிமம்) வாங்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு வண்டிகளில் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். லாக்கில் தெரியும் பிழையை மேப்பின் எந்தக் கட்டத்தில் திருத்த வேண்டும் என்று அதன் ஸ்கேனர் அட்டவணையாகவே அடுக்கிக் காட்டும். அதில் பழகியவர்களுக்கு மற்ற மென்பொருள் எல்லாம் சலிப்பூட்டும்.

டாக்ட்ரிக்ஸ் ஓப்பன்போர்ட் 2.0 என் கட்சி. சுபாரு, மிட்சுபிஷி பக்கம் இருப்பவர்களுக்கு ஈசியுஃபிளாஷ், ரோம்ரைடர் என்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மைக்ரோஎஸ்டி கார்டைப் போட்டுவிட்டால் லேப்டாப் இல்லாமலே லாக் எடுக்கும். ஆனால் கையைப் பிடித்து நடத்திச் செல்ல ஆள் கிடையாது. தவறான மேப்பை ஏற்றினால் முழுப் பொறுப்பும் உங்களுடையது. மேப்பின் எந்த எண் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சரியான டெஃபினிஷன் கோப்பைத் தேடுவதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

எதில் எழுதினாலும் பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டாமல் இசியுவில் மேப்பை ஏற்றாதீர்கள், அதாவது ஃபிளாஷ் செய்யாதீர்கள். சில கார்களில் ஃபிளாஷ் ஓடும்போது ரேடியேட்டர் ஃபேன்கள் பேயாய்ச் சுற்றும். வோல்டேஜ் விழுந்து பாதியில் நின்றால் இசியு வெறும் தகர டப்பா.

மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ, ஹால்டெக் மாதிரி இசியுவையே மாற்றும் வழியும் உண்டு. என்ஜினையே மாற்றியவர்களுக்கும் கார்புரேட்டர் காலத்து வண்டிக்கும் அது சரி. நன்றாக ஓடும் ஸ்டாக் காருக்கு எதற்கு?

எதை வாங்கினாலும், காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சாருக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ஆக்சிஜன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே தாவி, கலவை 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும். டர்போ காற்றைத் திணிக்கும் பூஸ்டில் 11.5-ஆ 12.5-ஆ என்பதுதான் என்ஜின் பிழைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. அதை பாஷ் எல்எஸ்யு 4.9 மாதிரி ஒன்று சொன்னால்தான் நம்பலாம். அதன் கன்ட்ரோலர் தரும் 0–5 வோல்ட் சிக்னலோ சீரியல் வயரோ அதே லாக்கில் வந்து சேர வேண்டும். தனி மீட்டரில் ஒரு கண், சாலையில் ஒரு கண் என்பது வேலைக்கு ஆகாது.

அந்த மாடிப்படி லாக்குக்கு வருகிறேன். ஓப்பன்போர்ட்டில் அதே கியர், அதே ஓட்டம், விநாடிக்கு இருபது வரி. 4280 ஆர்பிஎம்மில் நாக் திருத்தம் -1.4, இரண்டு வரி தள்ளி -2.8. ஒவ்வோர் ஓட்டத்திலும் அதே 4300-ஐ ஒட்டியே விழுந்தது. பெட்ரோலை மாற்றினேன், பூஸ்டைக் குறைத்தேன், அசையவில்லை. கடைசியில் காரைத் தூக்கிப் பார்த்தால், எக்ஸாஸ்டின் ஹீட் ஷீல்டில் ஒரு போல்ட் துருப்பிடித்துக் கழன்றிருந்தது. அந்த ஆர்பிஎம்மில் தகடு அதிர்வதை நாக் சென்சார் என்ஜின் சத்தம் என்று நம்பியிருக்கிறது. புது போல்ட் போட்டதும் அந்த நெடுவரிசை முழுக்கப் பூஜ்யம். மேப்பில் கை வைக்கவே இல்லை.