பத்து வருடம் கழித்துப் பார்த்தால்: வலிப்புக்கு அடுத்த மாத்திரையா, ஆபரேஷனா?

பெரம்பூரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. தம்பிக்குப் பதினாறு வயதானபோது அப்பா கழற்றிவிட்டார். உள்ளே விழுந்தால் கதவை உடைக்க வேண்டியிருக்குமே என்ற பயம். வலிப்பு உள்ள வீடுகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. மொட்டைமாடிக்குப் பூட்டு, மின்சார ரயிலில் வாசல் பக்கம் நிற்கக் கூடாது, மெரினாவில் அலையில் கால் நனைக்கக் கூடாது.

தம்பிக்கு வந்தது பெரும்பாலும் கை காலை வெட்டி இழுக்கிற ஃபிட்ஸ் அல்ல. பேசிக்கொண்டே இருப்பான். திடீரென்று "வயித்துலேர்ந்து என்னமோ மேல ஏறுது" என்பான். பார்வை நிலைகுத்தும். வாய் சப்புக்கொட்டும். வலதுகை விறைத்து நிற்க, இடதுகை சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே இருக்கும். ஒன்றரை நிமிடத்தில் தானாக நின்றுவிடும். அதற்குள் யாராவது இரும்புச் சாவியைக் கையில் திணித்திருப்பார்கள், நல்ல பெயர் சாவிக்குப் போய்விடும்.

ஓபி வரிசையில் எங்களுக்குப் பழக்கமானவர் வியாசர்பாடி அக்கா ஒருவர். அவருக்கும் இதே வகைதான். இரண்டு பேருக்கும் மூளையின் இடது பொட்டுமடலில் (காதுக்கு மேலே, பொட்டுக்கு உள்ளே இருக்கிற பகுதி), ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதி சுருங்கித் தழும்பாகியிருந்தது. ஒரே வருடத்தில் இருவரிடமும் டாக்டர், அந்தத் தழும்பை வெட்டி எடுக்கிற ஆபரேஷன் பேச்சை எடுத்தார். தம்பி சரி என்றான். அக்கா வேண்டாம் என்றார். பதினோரு வருடம் ஆகிறது. எது நல்லது என்று இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த இரண்டு கதைகளை மட்டும் சொன்னால் போதாது, ஆய்வுக் கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

முதலில் மாத்திரை. அதுவரை மருந்தே எடுக்காத 470 பேரைக் கவனித்த ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆய்வு ஒன்று 2000-இல் வந்தது. முதல் மாத்திரையிலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவதில் இன்னும் 13 சதவீதம். மூன்றாவதில்? ஒரே ஒரு சதவீதம். நடுவில் எத்தனையோ புது மாத்திரைகள் வந்த பிறகு, 2018-இல் அதே கிளாஸ்கோவிலிருந்து 1,795 பேரின் கணக்கு வந்தது. அதிலும் மூன்றாவது முயற்சியில் கூடுதலாகப் பலன் பெற்றவர்கள் 4 சதவீதம் சொச்சம்தான். சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதுமான அளவில் எடுத்தும் அடங்காவிட்டால் 'மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு' என்று 2010-இல் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் வரையறுத்தது இதனால்தான். எங்கள் பகுதி டாக்டர் ஒருவர் ஒன்பது வருடம் மாத்திரையை மாற்றி மாற்றி எழுதினார். ஐந்தாவது சீட்டு எழுதும்போதும் 'வேறு வழியும் இருக்கிறது' என்று சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்தது ஆபரேஷன். "மண்டையத் தொறக்கறதா?" என்று அம்மா அழுததை மறக்க முடியாது. ஆனால் இது நேற்று வந்த வைத்தியமும் இல்லை. டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி.யில் 1952-லேயே வலிப்புக்காக மூளை அறுவை செய்திருக்கிறார். சென்ட்ரல் எதிரே இருக்கிற நம் ஜி.ஹெச்.சில் 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார்.

2001-இல் வந்த கனடா ஆய்வில் பொட்டுமடல் வலிப்பு உள்ள 80 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வருட முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாதவர்கள் ஆபரேஷன் பக்கம் 58 சதவீதம், மாத்திரைப் பக்கம் 8. இங்கே ஒரு சின்ன எழுத்தைக் கவனிக்க வேண்டும். 'வயிற்றிலிருந்து ஏறுகிறது' என்கிற அந்த முன்னுணர்வையும் வலிப்பாகச் சேர்த்தால் கணக்கு 38-க்கு 3 ஆகிவிடும். ஆஸ்பத்திரியில் 'நின்றுவிடும்' என்று சொல்லும்போது எந்தக் கணக்கைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த ஆய்வில் இறந்தது ஒரே ஒருவர், அவர் மாத்திரைக் குழுவில் இருந்தவர். கட்டுப்படாத வலிப்பே ஆளைக் கொல்லும், பலசமயம் தூக்கத்திலேயே. கத்திக்குப் பயப்படுகிற நாம் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தில்லி எய்ம்ஸில் 116 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. அதில் இன்னும் பெரிய வித்தியாசம்: ஒரு வருட முடிவில் வலிப்பு நின்றவர்கள் ஆபரேஷன் பக்கம் 77 சதவீதம், மாத்திரைப் பக்கம் 7.

எல்லாம் ஒரு வருடக் கணக்கு. கல்யாணம், வேலை எல்லாம் அதற்கு அப்புறம்தானே? லண்டனில் ஆபரேஷன் செய்துகொண்ட 615 பெரியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்டார்கள். முன்னுணர்வைத் தவிர வேறு வலிப்பே வராதவர்கள் ஐந்தாம் வருடத்தில் 52 சதவீதம், பத்தாம் வருடத்தில் 47. ஏறக்குறைய பாதிப்பேர். பாதிதானா என்று எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. ஆனால் பக்கத்தில் வைக்க வேண்டியது நூறு சதவீதத்தை அல்ல, மூன்றாவது நாலாவது மாத்திரையின் பலனை. தவிர, வலிப்பில்லாத வருடங்கள் கூடக் கூட அது திரும்பி வரும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. மாத்திரையை அடியோடு நிறுத்த முடிந்தது, வலிப்பு நின்றவர்களிலும் சுமார் 28 சதவீதம் பேருக்குத்தான். 'ஆபரேஷன் செய்தால் மாத்திரை வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூளையில் எந்த இடம் என்பது இன்னும் முக்கியம். பல ஆய்வுகளைச் சேர்த்து 2005-இல் போட்ட நீண்டகாலக் கணக்கில் ஆபரேஷனுக்குப் பின் வலிப்பு நின்றவர்கள் பொட்டுமடலில் 66 சதவீதம், நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மடலில் 27. பக்கத்துத் தெருப் பையனுக்கு நின்றுவிட்டதே என்று நம் பிள்ளைக்கும் எதிர்பார்க்க முடியாது.

அப்புறம், இதற்குக் கொடுக்கிற விலை. இடது பக்கம் வெட்டினால் வார்த்தை நினைவு அடிபடலாம். ஏறத்தாழ 44 சதவீதம் பேருக்கு அப்படி ஆவதாக ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. வலது பக்கம் என்றால் அதில் பாதிக்கும் குறைவு. இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஏற்கெனவே நினைவாற்றல் நொண்டியடிப்பவருக்கு இழப்பதற்கு அதிகம் இல்லை. நன்றாக இருப்பவருக்குத்தான் இழப்பு பெரிது.

தம்பியும் அக்காவும் பிரிகிற இடம் இதுதான். தம்பிக்குச் செய்த நினைவுச் சோதனையில் இடது பக்கம் ஏற்கெனவே ஒழுங்காக வேலை செய்யவில்லை. அக்கா தமிழ் டியூஷன் எடுப்பவர். திருக்குறளை எண் சொன்னால் ஒப்பிப்பார், நாற்பது பிள்ளைகளின் பெயரையும் அப்பா பெயரோடு சொல்வார். அவர் சோதனையில் மதிப்பெண் அள்ளினார். "அது போச்சுன்னா நான் சாப்பாட்டுக்கு என்ன பண்றது தம்பி?" என்றார். பயந்து ஓடினார் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

வேறு வழிகளும் உண்டு. இடது மார்பில் தோலுக்கடியில் ஒரு பேட்டரி, அதிலிருந்து கழுத்திலுள்ள வேகஸ் நரம்புக்கு ஒரு கம்பி. லட்சக்கணக்கில் செலவு, சில வருடங்களில் பேட்டரி மாற்ற வேண்டும், அது தூண்டும்போது குரல் கரகரக்கும். பாதிப்பேருக்கு வலிப்பு பாதியாகக் குறையும், முழுக்க நிற்பது அபூர்வம். எங்கே வெட்டுவது என்றே தெரியாதவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. வெட்டக்கூடிய தழும்பு தெளிவாகத் தெரியும்போது இதை முதலில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுகிற கீட்டோ உணவு சின்னப் பிள்ளைகளுக்குச் சில வகை வலிப்பில் நன்றாகவே கேட்கும். சோறு, இட்லி, தோசை மூன்றையும் விட்டுவிட்டுப் பெரியவர் ஒருவர் எத்தனை மாதம் தாங்குவார் என்பது வேறு விஷயம்.

தம்பிக்கு இரண்டு வருடம் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் வருடம் காய்ச்சலில் மாத்திரையை விட்டபோது ஒருமுறை விழுந்தான். அதற்குப் பின் எட்டு வருடமாக இல்லை. வருடத்தில் ஓரிரு தடவை வயிற்றிலிருந்து ஏறுகிற அந்த உணர்வு மட்டும் வந்து போகும். மூன்று மாத்திரை ஒன்றாகிவிட்டது. ஓட்டுநர் உரிமப் படிவத்தில் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருப்பதால் விண்ணப்பிக்கவே இல்லை. மெட்ரோவில் வேலைக்குப் போகிறான். பெயர்கள்தான் நிற்பதில்லை. கல்யாண வீட்டில் என்னை முழங்கையால் இடித்து "இவர் யாரு?" என்பான். ஆபரேஷனுக்கு முன்னாலும் கேட்பான், இப்போது கொஞ்சம் அதிகம்.

அக்காவுக்கு மாதம் இரண்டு மூன்று வருகிறது. முன்பு வாரா வாரம். நாலு வகை மாத்திரை, ஈறு வீங்கியிருக்கிறது, அடுப்படியில் விழுந்ததில் முழங்கையில் தீக்காயத் தழும்பு. ஆனால் டியூஷன் நடக்கிறது. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்யலாம் என்றிருந்த பிரிவை 1999-இல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு வரன் பார்த்த வீடுகளுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

போன மாதம் அக்கா மறுபடி வீடியோ இ.இ.ஜி.க்கு (வலிப்பு வரும்போது மூளையின் மின் அலையையும் ஆளையும் சேர்த்துப் பதிவு செய்கிற சோதனை) அட்மிட் ஆனார். "இந்தத் தடவை பண்ணிக்கலாமான்னு யோசிக்கிறேன்" என்று தம்பிக்குப் போன் செய்தார். முக்கால் மணி நேரம் பேசினார்கள். வைத்ததும் தம்பி என் பக்கம் திரும்பி, "அவங்க நிஜப் பேரு என்னடா?" என்றான். அவன் போனில் 'ஓபி அக்கா' என்றுதான் இருக்கிறது.