பல்லுக்கு கிரவுன் போடப் போகிறீர்களா? 1,800 வெள்ளியைப் பறிகொடுத்த எங்கள் கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

அம்மாவின் கடைவாய்ப் பல்லுக்கு கிரவுன், அதாவது உடைந்த பல்லின் மேல் மாட்டும் உறை, போட 1,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். இன்று பல்லும் இல்லை, பணமும் இல்லை. வயிறு எரிகிறது.

பேராக்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்னப் பட்டணம் எங்களுடையது. இங்குள்ள ஒரு தனியார் பல் கிளினிக், பெயர் வேண்டாம். முறுக்கு கடித்தபோது அம்மாவுக்குப் பல் பாதி பெயர்ந்துவிட்டது என்று கூட்டிப் போனேன். டாக்டர் நம்மவர். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நானும் தோட்டத்துப் பிள்ளைதாம்மா. எங்க பாட்டியும் மரம் வெட்டினவங்கதான். சிர்கோனியான்னு கெட்டியான பீங்கான் இருக்கு, உங்களுக்கு அதையே போட்டுடறேன், பத்து வருஷத்துக்குப் பயமில்லை" என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. சீட்டு கட்டிச் சேர்த்த பணம், 1,800 வெள்ளியை அப்படியே எடுத்துக் கொடுத்தார்.

எக்ஸ்ரே எடுக்கவில்லை. "நரம்பு நல்லாத்தான் இருக்கு, ரூட் கெனால் வேண்டாம்" என்று, கெட்ட நரம்பை எடுத்து வேரை அடைக்கும் அந்தச் சிகிச்சையே தேவையில்லை என்று, வாய்க்குள் பார்த்தே சொல்லிவிட்டார்.

அப்புறம் வலி. போன் செய்தால், "புது கிரவுன் அப்படித்தான் இருக்கும், பழகிடும்." நேரில் போனால், "டாக்டர் ஈப்போவுக்குப் போயிட்டார்." வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. ஒருநாள் கிரவுனின் ஓரம் உதிர்ந்தது. உள்ளே பளபளவென்று உலோகம்! கேட்டால், "சிர்கோனியாவுக்குள்ளேயும் மெட்டல் இருக்கும்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். பச்சைப் பொய். சிர்கோனியா கிரவுனுக்குள் உலோகக் கூடு கிடையாது. உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது வேறு வகை, பெரும்பாலும் விலையும் குறைவு. ரசீதை எடுத்துப் பார்த்தால் "ராவாத்தான் கிகி, 1,800" என்று, அதாவது மலாயில் பல் சிகிச்சை என்று மட்டும் இருக்கிறது. என்ன பொருள் என்று ஒரு வார்த்தை இல்லை.

கன்னம் வீங்கியதும் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் வேரடியில் சீழ், விரிசல் வேர்வரை இறங்கியிருந்தது. பிடுங்கிவிட்டார்கள். கொஞ்சம் பெயர்ந்தால் அடைப்பு போதும், நரம்பு கெட்டிருந்தால் முதலில் ரூட் கெனால், பிறகுதான் கிரவுன், வேரே பிளந்திருந்தால் எந்தக் கிரவுனும் காப்பாற்றாது என்று அந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இதை முதலிலேயே ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது அந்த இடைவெளிக்கு பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டும் பொய்ப்பல், என்றால் அந்த இரண்டு பற்களையும் அராவ வேண்டும். இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் வைப்பது, என்றால் அது எலும்போடு ஒட்டவே மாதக்கணக்காகும், செலவும் ஆயிரக்கணக்கில். "கழற்றி மாட்டுற பல்செட்டே போதும்யா" என்கிறார் அம்மா. அந்த 1,800 வெள்ளி கையில் இருந்திருந்தால் அவர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. எக்ஸ்ரே இல்லாமல் கிரவுன் போட விடாதீர்கள். என்ன பொருள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள். வலி நிற்கவில்லையென்றால் அங்கேயே அலையாமல் வேறு டாக்டரிடம் காட்டுங்கள். மலேசியாவின் 1998 தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி தனியார் கிளினிக் நோயாளியின் புகாரைக் கேட்டே ஆக வேண்டும். எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். நானும் கொடுத்திருக்கிறேன்.