மினாங்கபாவ் மலைநாட்டுக்கு மூன்று சாலைகள்: எதில் ஏறுவது, எதில் இறங்குவது?

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகிறார்கள். பாடாங் விமான நிலையத்தில் இறங்கியதும் வண்டி பிடித்து, ஆனாய் பள்ளத்தாக்கு வழியாக நேரே புக்கிட்டிங்கி. அங்கேயே எல்லா இரவும் தங்கல். ஒருநாள் பகாருயுங் அரண்மனை, ஒருநாள் மனிஞ்சாவ் ஏரி, பிறகு வந்த வழியே திரும்பிவிடுவது. வசதியான திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் தாய்வழிச் சொத்துரிமையை இன்றும் விடாமல் வைத்திருக்கும் மினாங்கபாவ் என்ற பெரிய முஸ்லிம் சமூகம் எப்படி வாழ்கிறது என்று பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போகிறோம் என்றால், இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பேன். புக்கிட்டிங்கி கடைசியில் வரட்டும்.

மலைக்கு ஏற முக்கியமாக மூன்று சாலைகள் உண்டு. முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு, எங்கே தங்குவது என்ற கேள்விக்கு வருவோம்.

ஆனாய்ச் சாலை

பாடாங்கிலிருந்து புக்கிட்டிங்கிக்கு இந்த வழியில் சுமார் 90 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் இரண்டரை, மூன்று மணி நேரம். லெம்பா ஆனாய் அருவி சாலை ஓரத்திலேயே விழுகிறது. ஜன்னலை இறக்கினால் சாரல் முகத்தில் அடிக்கும். பக்கத்திலேயே ஒரு பழைய ரயில் பாதையும் தெரியும். ஒம்பிலின் சுரங்கத்தின் நிலக்கரியைத் துறைமுகத்துக்கு இறக்க 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டச்சுக்காரர்கள் போட்ட பல்சக்கரப் பாதை அது. இப்போது அதில் ரயில் ஓடுவதில்லை. பாடாங் பாஞ்சாங் தாண்டியதும் இடப்பக்கம் சிங்கலாங் (2,877 மீட்டர்), வலப்பக்கம் மராப்பி எரிமலை (2,891 மீட்டர்). சிங்கலாங் அடிவாரத்தில் இருக்கிற பண்டாய் சிகேக்கில் சரிகை நெசவு இன்னும் வீட்டுத் தறிகளில் நடக்கிறது. இந்தோனேசியாவின் பழைய 5,000 ரூப்பியா நோட்டின் பின்பக்கத்தில் தறியில் உட்கார்ந்திருப்பது இந்த ஊர்ப் பெண்தான்.

அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தச் சாலையை நம்ப முடியாததுதான் பிரச்சினை. 2023 டிசம்பரில் மராப்பி வெடித்து, மலையேறப் போயிருந்த 24 பேர் இறந்தார்கள். மேலே குவிந்த சாம்பலும் பாறையும் 2024 மே மாத மழையில் ஆறுகளோடு இறங்கியபோது 60க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ஆனாய்ச் சாலை அறுந்து இரண்டு மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. 2025 நவம்பர் இறுதியில் சுமத்ராவைப் புரட்டிய வெள்ளத்திலும் இதே பாதை மறுபடி அடிவாங்கியது. அதனால் கிளம்பும் நாளன்று சாலை நிலவரத்தை உள்ளூரில் கேட்காமல் இந்தப் பக்கம் போகாதீர்கள். சனி, ஞாயிறு என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: புக்கிட்டிங்கிக்கு முன்னால் வரும் பாடாங் லுவார் சந்தையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும்.

மனிஞ்சாவ் சாலை

கடற்கரையோடு பரியாமான், லுபுக் பாசுங் வழியாகப் போய், மனிஞ்சாவ் ஏரியைச் சுற்றி, அங்கிருந்து 44 கொண்டை ஊசி வளைவுகளில் மேலே ஏறுவது இரண்டாவது வழி. எரிமலை வாய்க்குள் தேங்கிய ஏரி இது, ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். குரங்குகள் வளைவுச் சுவரில் உட்கார்ந்து வண்டிகளை வேடிக்கை பார்க்கும்.

பலர் இதில் ஏறுகிறார்கள். நான் இறங்கச் சொல்வேன். ஏறும்போது ஏரி முதுகுப் பக்கம் போய்விடுகிறது. மேலே மாத்தூர் பக்கமிருந்து வந்தால், கடைசி மேட்டைத் தாண்டியதும் மொத்த ஏரியும் காலடியில் திறந்துகொள்ளும். அப்புறம் 44ஆம் வளைவிலிருந்து 1 வரை அது கண்ணை விட்டு நகராது. பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும், எல்லா வளைவிலும் ஹாரன் கட்டாயம்.

இறங்குவதற்கு முன் லாவாங் கிராமத்தில் நிற்பதற்கு நேரம் ஒதுக்குங்கள். கரும்பு ஊர். சில கொட்டகைகளில் இன்றும் எருமை செக்கைச் சுற்றிக் கரும்பு பிழிகிறது. எருமையின் கண்களைத் தேங்காய் சிரட்டையால் மூடியிருப்பார்கள். சாறு பெரிய வாணலியில் கொதித்து, அச்சில் ஊற்றி ஆறியதும் வட்ட வட்டமான கரும்பழுப்பு வெல்லமாகும். ஏரிக்கரையில் சுங்காய் பாத்தாங், எழுத்தாளரும் மார்க்க அறிஞருமான புயா ஹம்கா 1908இல் பிறந்த ஊர். அவர் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. ஏரியில் மீன்வளர்ப்புக் கூண்டுகள் அளவுக்கு மீறிப் பெருகி, தண்ணீர் கெட்டு, டன் கணக்கில் மீன்கள் செத்து மிதப்பது அடிக்கடி நடக்கிறது. குளிக்கலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள்.

சோலோக், சிங்காரக் சாலை

மூன்றாவது வழியைத்தான் வழிகாட்டிகள் கடைசியில் சொல்வார்கள், சில சமயம் சொல்வதே இல்லை. பாடாங்கிலிருந்து கிழக்கே சித்திஞ்சாவ் லாவிக் மலைப்பாதையில் ஏறி, சோலோக் நகரம் தொட்டு, சிங்காரக் ஏரிக்கரையோடு வடக்கே வந்து, அங்கிருந்து பத்துசங்கர். சித்திஞ்சாவ் லாவிக்கில் கனரக லாரிகள்தான் ராஜா. ஏற்றம் அவ்வளவு செங்குத்து. லாரி ஒன்று திரும்ப முழுச் சாலையும் வேண்டும். வளைவில் உள்ளூர் இளைஞர்கள் நின்று கைகாட்டி எதிர்வண்டிகளை நிறுத்துவார்கள், அவர்களுக்குச் சில்லறை கொடுப்பது வழக்கம். அவர்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், அவசரப்பட வேண்டாம்.

அதைக் கடந்துவிட்டால் மீதிப் பாதை முழுக்க நிம்மதி. சாலைக்கும் ஏரிக்கும் நடுவே பழைய ரயில் தண்டவாளம் கூடவே வரும். இந்த ஏரிக்கே உரிய பிலிஹ் என்ற சின்ன மீனைக் கரையோரக் கடைகளில் மொறுமொறுப்பாகப் பொரித்துத் தருவார்கள், நம் நெத்திலி வறுவலை நினைவூட்டும். கூடுதலாக ஒருநாள் இருந்தால் சவாலுந்தோ போய் வரலாம். சங்கிலி பூட்டிய கைதிகளை வைத்து டச்சுக்காரர்கள் நிலக்கரி தோண்டிய ஊர் அது. 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

நேரக் கணக்கில் இந்தச் சாலை தோற்கும். ஆனால் மினாங்கபாவ் நாட்டின் மூத்த பகுதிக்குள், அதன் வாசல் வழியாகவே நுழைய வைப்பது இதுதான்.

புக்கிட்டிங்கியா, பத்துசங்கரா?

மினாங்கபாவ் மலைநாடு வழிவழியாக மூன்று நாடுகள்: தானா டாத்தார், ஆகாம், லிமா புலு கோத்தா. விழாக்களில் கட்டும் கொடியின் மஞ்சளும் சிவப்பும் கருப்பும் இந்த மூன்றுக்கும் உரியவை. இவற்றில் மூத்தது தானா டாத்தார், அதன் தலைநகர் பத்துசங்கர். புக்கிட்டிங்கி ஆகாம் நாட்டில் இருக்கிறது.

புக்கிட்டிங்கிக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுவோம். 930 மீட்டர் உயரத்துக் குளிர், சியானோக் பள்ளத்தாக்கு, 1926இல் எழுந்த ஜாம் கடாங் மணிக்கூண்டு. அந்த மணிக்கூண்டின் கூரை ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது: டச்சுக் காலத்தில் உச்சியில் சேவல், ஜப்பானியர் வந்ததும் அவர்கள் பாணிக் கூரை, விடுதலைக்குப் பின் மினாங்கபாவ் கூரை. முதல் துணைக் குடியரசுத் தலைவர் முகம்மது ஹத்தா 1902இல் பிறந்ததும் இங்கேதான். சாப்பாட்டில் இந்த ஊரை வேறெதுவும் நெருங்க முடியாது. சந்தைக்குள் நாசி காப்பாவ் கடையில் உட்காருங்கள். பரிமாறும் அம்மா உயரத்தில் உட்கார்ந்து, நீளக் காம்பு வைத்த சிரட்டை அகப்பையால் எட்டாத சட்டிகளிலிருந்தெல்லாம் எடுத்து உங்கள் தட்டில் ஊற்றுவார். மாட்டுக்குடலுக்குள் முட்டை அடைத்த தம்புசு இருக்கும். பலாக்காய்க் குழம்பும் இருக்கும். பள்ளத்தாக்கின் அடியில் பச்சை மிளகாய் வாத்துக்கறி, எதிர்க்கரையில் வெள்ளி வேலைக்குப் பேர்போன கோத்தோ கடாங் கிராமம். ஓட்டல்கள் ஏராளம், எல்லா விலையிலும் உண்டு.

ஆனால் இந்த ஊர் கடைத்தெரு. மினாங்கபாவ் வீட்டைப் பார்க்க வேண்டுமானால் பத்துசங்கருக்குத்தான் வர வேண்டும்.

அங்கேயும் எல்லாரும் போவது பகாருயுங் அரண்மனைக்கு. 72 தூண், மூன்று மாடி, 11 கொம்புக் கூரைகள். 1970களில் எழுப்பிய மறு உருவாக்கம் 2007இல் மின்னல் விழுந்து எரிந்துபோக, திரும்பக் கட்டி 2013இல் திறந்தார்கள். பார்க்க வேண்டியதுதான், ஆனாலும் வாடகைக்குக் கல்யாண உடை உடுத்திப் படமெடுக்கும் கூட்டத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்கத் தோன்றாது. மராப்பியின் சரிவில் இருக்கும் பரியாங்கனுக்கு அரைநாள் கொடுங்கள். மினாங்கபாவ் மக்களின் முதல் ஊர் என்று அவர்களே சொல்லும் கிராமம். வயல் படிக்கட்டுகளுக்கு மேலே பள்ளிவாசல், பக்கத்தில் வெந்நீர் ஊற்றுக் குளியலறைகள், மேலே ஏற ஏற ருமா கடாங் என்னும் பெரிய வீடுகள்.

அந்த வீடுகளின் தூண்கள் மண்ணில் புதைக்கப்படவில்லை, தட்டைக் கற்களின் மேல் நிற்கின்றன. நிலநடுக்கம் வந்தால் வீடு ஆடும், விழாது. உள்ளே நீளக் கூடம், பின்பக்கம் வரிசையாகச் சிறு அறைகள். அறைகள் மணமான பெண்களுக்கு. மருமகன் இரவில் மனைவி வீட்டுக்கு வருபவன், அங்கே அவன் விருந்தாளி போலத்தான். வீடும் நன்செய் நிலமும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும், விற்கக் கூடாத குடும்பச் சொத்து. நிர்வாகம் தாய்மாமன் கையில். குலத்தலைவர் பட்டமும் மாமனிடமிருந்து சகோதரி மகனுக்கே. ஒருவர் சொந்தமாகச் சம்பாதித்தது மட்டும் இஸ்லாமிய வாரிசு முறைப்படி பிள்ளைகளுக்குப் பிரியும். வளர்ந்த பையனுக்கு வீட்டில் அறை கிடையாது. முன்பெல்லாம் சுராவ் என்னும் தொழுகைக்கூடத்தில் படுத்துறங்கினான், பிறகு ஊரைவிட்டுப் பிழைக்கப் போனான். இந்தோனேசியா முழுக்கப் பாடாங் சாப்பாட்டுக் கடை இருப்பதற்கு இந்த வீட்டமைப்பும் ஒரு காரணம்.

எந்த ருமா கடாங்குக்குள் நுழைந்தாலும் தரையைப் பாருங்கள். இரு முனைகளும் படிபோல உயர்ந்திருந்தால் கோத்தோ பிலியாங் மரபு, தலைவர்களுக்குள் உயர்வு தாழ்வு உண்டு. தரை ஒரே மட்டமாக இருந்தால் போடி சனியாகோ, எல்லாத் தலைவரும் சமம். இரண்டு மரபையும் வகுத்த சகோதரர்கள் சண்டையிட்டு, பிறகு சமாதானமாகி, இனி பகையில்லை என்று குறுவாளால் குத்தியதாகச் சொல்லும் ஓட்டைக் கல் லிமா காவும் ஊரில் இருக்கிறது.

தமிழர்கள் தவறவிடக் கூடாத ஓர் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. சுருவாசோவில் பாறையை வெட்டி ஓடவிட்ட பாசனக் கால்வாய்; 14ஆம் நூற்றாண்டு அரசன் ஆதித்யவர்மனின் கல்வெட்டு அதில் இரண்டு எழுத்துகளில் இருக்கிறது, ஒன்று தென்னிந்தியக் கிரந்தம். மாமன் அகரேந்திரவர்மன் தொடங்கிய கால்வாயை ஆதித்யவர்மன் முடித்ததாக ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். அங்கே நின்றபோது எனக்குச் சிலிர்த்தது, மறைக்க என்ன இருக்கிறது.

சனிக்கிழமை என்றால் பாச்சு ஜாவி விசாரியுங்கள். அறுவடை முடிந்த சேற்று வயலில் நடக்கும் காளை ஓட்டம். தானா டாத்தாரின் நான்கு வட்டாரங்கள் முறைவைத்து நடத்துகின்றன. ஓட்டுபவர் மரச்சட்டத்தில் நின்று இரண்டு காளைகளின் வாலையும் பிடித்துக்கொள்வார், வேகம் போதாவிட்டால் வாலைக் கடிப்பார். ஒவ்வொரு ஜோடியும் தனியாகத்தான் ஓடும், பரிசு கிடையாது. நேராக ஓடும் காளைக்குச் சந்தையில் விலை ஏறும், அவ்வளவுதான். முன்வரிசையில் நின்றால் சேறு நிச்சயம்.

பத்துசங்கரின் குறை, இரவில் ஊர் சீக்கிரம் அடங்கிவிடும், விடுதிகள் சுமார்தான். சரி, தூங்கத்தானே போகிறோம். லிமா புலு கோத்தா பக்கத்துப் பயக்கும்பு நகரம் மூன்றாவது தெரிவு: ஹாராவ் பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்களும் ரெண்டாங் என்னும் இறைச்சிப் பண்டம் விற்கும் கடைகளும் பிடித்தால் ஓரிரவு போதும்.

வண்டியும் நேரமும்

பைக் மலிவு, ஆனால் மலையில் பிற்பகல் மழை சகஜம், சித்திஞ்சாவ் லாவிக்கில் லாரிகளுக்கு நடுவே பைக்கில் ஏறுவதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பங்கு வேன்கள் நகரத்திலிருந்து நகரத்துக்கு மட்டும்தான். பரியாங்கனும் சுருவாசோவும் கிடைக்காது. உள்ளூர் டிரைவரோடு கார்தான் சரி. மினாங் பேசுபவராகப் பார்த்து எடுத்தால், வீட்டுக்காரம்மாவிடம் உள்ளே வரலாமா என்று அவரே கேட்டுத் தருவார்.

ஏறுவது சிங்காரக் வழி, முதல் இரவுகள் பத்துசங்கரில், பிறகு புக்கிட்டிங்கி, இறங்குவது மனிஞ்சாவ் வழி. வார நாளில் இறங்குங்கள். ரமலான் மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். நோன்புப் பெருநாள் வாரத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் மொத்தமாகத் திரும்புவதால் மூன்று சாலையும் திணறும், விடுதி விலையும் ஏறும். அதற்கு இரண்டு வாரம் கழித்துப் போனால் சாலையும் காலி, சமையலும் பழையபடி நடக்கும்.