தொடையில் ரத்தக்கட்டு: காலை நீட்டி வைப்பதா, மடக்கிக் கட்டுவதா?

கால்பந்தில் எதிராளியின் முழங்கால் என் முன்தொடையில் பலமாக இடித்தது. நான் முழங்காலை மடக்கிக் கட்டி வைத்தேன். பலரும் செய்வது காலை நீட்டித் தலையணைமேல் தூக்கி வைப்பது. எதைச் செய்தாலும் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், ஒரு தடவைக்கு 15–20 நிமிடம், உண்டு. முதல் இரண்டு நாள் சூட்டு ஒத்தடமும் அழுத்தி நீவுவதும் கூடாது; ரத்தக்கசிவு கூடும்.

நீட்டி வைத்தால் வலி குறைவு, தூக்கம் வரும். அதன் பக்கம் அவ்வளவுதான்.

மடக்கிக் கட்டும் பக்கம் என்னைச் சாய்த்தது ஒரே விஷயம்: பிறகு முழங்கால் எவ்வளவு மடங்கும்? அடி விழும்போது தசை தொடை எலும்போடு சேர்ந்து நசுங்கி, நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைகின்றன. நீட்டிய காலில் தசை தளர்ந்திருப்பதால் ரத்தம் தேங்க இடம் தாராளம். அப்படிக் குறுகிய நிலையிலேயே தசை விறைத்துவிட்டால், மறுபடி மடக்கப் பழக்குவதுதான் பெரும்பாடு. மடக்கிய காலிலோ தசை இழுபட்டு நிற்கிறது. அந்த இழுவையே கசிவை உள்ளிருந்து அழுத்துகிறது. அமெரிக்கக் கடற்படைக் கழக மாணவர்களுக்கு அடிபட்ட சில நிமிடங்களிலேயே முழங்காலை 120 பாகை மடக்கி, 24 மணி நேரம் அப்படியே வைத்தார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வில், சராசரியாக மூன்றரை நாளில் தடையில்லாத விளையாட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். நீட்டி வைத்த குழு ஒன்றோடு ஒப்பிடவில்லை என்பது அதன் குறை. ஆனாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இரவு சிரமம்தான், மறைக்கவில்லை. கட்டை அவிழ்த்ததும் வலி பொறுக்கும் அளவுக்குள் மெதுவாக மடக்கி நீட்டத் தொடங்கினேன். நடை சீக்கிரமே நேரானது. குதிகாலைப் பின்பக்கம் கொண்டுபோவதும் சில நாளில் கைகூடியது. என் அனுபவம் முன்தொடையோடு சரி. கெண்டைக்காலுக்கோ புஜத்துக்கோ இதையே செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் எந்த முறைக்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காலை ஊன்றவே முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கலாம். தொடை கல்லாக இறுகி, வலி நேரத்துக்கு நேரம் ஏறி, கால் மரத்துப்போனால், கட்டை உடனே அவிழ்த்துவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். சில வாரம் கழித்தும் கெட்டியான கட்டி தங்கி, முழங்கால் மடங்க மறுத்தால் எக்ஸ்ரே எடுங்கள். தசைக்குள் எலும்பு வளர்ந்திருக்க வாய்ப்புண்டு.