சமயக் கட்டுரைகளும் தொகுப்புப் போர்களும்: விக்கிப்பீடியாவின் பிணக்குத் தீர்வு முறை – ஒரு மதிப்பீடு

ஒரு சமயத்தைத் தோற்றுவித்தவரைப் பற்றியோ, ஒரு திருத்தலத்தின் வரலாற்றைப் பற்றியோ, ஒரு வழிபாட்டு இயக்கத்தின் மீது எழுந்த குற்றச்சாட்டுகளைப் பற்றியோ விக்கிப்பீடியாவில் படிக்கும்போது, நம் கண்ணில் படுபவை நிதானமான சில பத்திகள் மட்டுமே. கட்டுரையின் தலைப்பை ஒட்டியுள்ள ‘பேச்சு’ என்ற இணைப்பைச் சொடுக்கினால்தான், அந்தப் பத்திகளின் ஒவ்வொரு வரிக்காகவும் ஆண்டுக்கணக்கில் நடந்த வாதங்கள் காப்பகம் காப்பகமாக அடுக்கி வைக்கப்பட்டிருப்பது தெரியவரும். ஊதியம் இல்லாமல் எழுதும் தன்னார்வலர்கள், சமயம் தொடர்பாகத் தங்களுக்குள் எழும் பிணக்குகளைத் தீர்த்துக்கொள்வதற்காக உருவாக்கி வைத்திருக்கும் ஏற்பாட்டை ஒரு சேவையாகக் கருதி இங்கே மதிப்பிடுகிறேன். ஆங்கில விக்கிப்பீடியாவில்தான் அந்த ஏற்பாடு மிக விரிவாக வளர்ந்திருக்கிறது என்பதால், நான் சொல்வது பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே இருக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சான்றுகளைக் கொண்டு தீர்க்கக்கூடிய சமயச் சண்டைகளை இந்த முறை மிக நன்றாகத் தீர்க்கிறது, ஆனால், அந்தச் சண்டையில் மனம் புண்படுகிறவரை எப்படி நடத்துவது என்பதை அது இன்னும் சரிவரக் கற்றுக்கொள்ளவில்லை.

எந்த நம்பிக்கை உண்மையானது என்ற கேள்விக்குள் இந்த ஏற்பாடு நுழைவதே இல்லை. இதன் வலிமை எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை (எழுதுவதைச் சான்று கொண்டு சரிபார்க்க முடிய வேண்டும் என்பது), சொந்த ஆய்வு கூடாது என்ற மூன்று கொள்கைகளின் மேல்தான் எல்லாத் தீர்ப்புகளும் நிற்கின்றன. நடுநிலைக் கொள்கையில் சமயத்துக்கென்றே தனியாக ஒரு பகுதி உண்டு. ஒரு நம்பிக்கையைப் பற்றி எழுதும்போது, அதைப் பின்பற்றுகிறவர்களை இயக்குவது எது என்பதையும், அந்த நம்பிக்கை காலப்போக்கில் எவ்வாறு உருவாகி வளர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. மறைநூல்கள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றை ஆராய்ந்த வரலாற்று, தொல்லியல் நூல்கள் இரண்டாம் நிலைச் சான்றுகளாகின்றன. பக்தருக்கு முதல் பாதி மட்டும் போதும் என்று தோன்றும். மறுப்பாளருக்கு இரண்டாம் பாதி மட்டுமே அறிவாகப் படும். இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதச் சொல்லும் இந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் எந்தச் சமயக் கட்டுரையும் ஒரு வாரம்கூட நிலைத்திருக்காது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ஒரு மகானைப் பற்றிய கட்டுரையில் ‘அவர் இறந்த சிறுவனை உயிர்ப்பித்தார்’ என்று ஓர் அடியவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் வந்து அதை ‘உயிர்ப்பித்ததாக அவருடைய அடியார்கள் கட்டுக்கதை பரப்பினர்’ என்று மாற்றுகிறார். முதலாமவர் தன் பழைய வரியை மீளமைக்கிறார், மற்றவர் மறுபடியும் மாற்றுகிறார். இதுதான் தொகுப்புப் போர். 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கும் பயனர் தடைக்கு உள்ளாவார் என்ற விதி 2004 முதல் நடைமுறையில் இருப்பதால், இருவரும் பேச்சுப் பக்கத்துக்கு வந்தே தீர வேண்டியிருக்கிறது. அங்கே மூன்றாவதாக ஒருவர் குறுக்கிட்டு, ‘மகான் மறைந்து ஒரு நூற்றாண்டு கழித்து இயற்றப்பட்ட இன்ன வரலாற்று நூல், அவர் இறந்த சிறுவனை உயிர்ப்பித்ததாகக் கூறுகிறது, அதற்கு முந்தைய நூல்களில் இந்நிகழ்ச்சி இடம்பெறவில்லை’ என்று ஒரு வரைவை முன்வைக்கிறார். இந்த வரியை மறுக்க அடியவருக்கும் காரணம் இல்லை, மறுப்பாளருக்கும் காரணம் இல்லை. இதோடும் வேலை முடிந்துவிடுவதில்லை. ‘முந்தைய நூல்களில் இடம்பெறவில்லை’ என்பதை அந்த மூன்றாமவர் தானே நூல்களைப் புரட்டிக் கண்டுபிடித்திருந்தால் அது சொந்த ஆய்வாகிவிடும். தக்க ஆய்வாளர் ஒருவர் அதை அச்சில் சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒருவர் சொல்லியிருக்கிறாரா என்று தேடி, நூலின் பக்க எண்ணோடு கொண்டுவந்து வைக்கும் பொறுமைதான் இந்தச் சேவையை உண்மையில் நடத்திச் செல்கிறது. அத்தகைய பொறுமைசாலிகள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

இயேசுவைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையின் முகப்புப் பகுதி இந்த உழைப்பின் பயனுக்கு நல்ல எடுத்துக்காட்டு. கிறிஸ்தவர்கள் அவரை மனிதராகப் பிறந்த இறைமகன் என்று நம்புகிறார்கள் என்பதும், இஸ்லாம் அவரை இறைத்தூதர்களில் ஒருவராகக் கருதுகிறது என்பதும், யூத சமயம் அவரை மெசியாவாக ஏற்பதில்லை என்பதும், அவர் வரலாற்றில் வாழ்ந்த மனிதரே என்பதில் பண்டைய வரலாற்றாய்வாளர்கள் ஏறக்குறைய அனைவரும் உடன்படுகிறார்கள் என்பதும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. எந்தக் கூற்று யாருடையது என்பது ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கிறது. அவர் வாழவே இல்லை என்று வாதிடுவோருக்கும் தனிக் கட்டுரை உண்டு. ஆய்வுலகில் அந்தக் கருத்துக்கு எவ்வளவு ஆதரவு இருக்கிறதோ அதற்கேற்ற இடம்தான் முதன்மைக் கட்டுரையில் கிடைக்கும். எல்லாத் தரப்புக்கும் சரிபாதி இடம் தருவதே நடுநிலை என்று எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். இந்த விதி சரியானது என்றே நான் கருதுகிறேன்.

பேச்சுப் பக்கத்தில் தீராத பிணக்கு படிப்படியாக மேலே செல்கிறது. சண்டை இருவருக்குள் மட்டும் என்றால், ‘மூன்றாம் கருத்து’ கேட்டு ஒரு பட்டியலில் பதிவிடலாம். தொடர்பில்லாத பயனர் ஒருவர் வந்து படித்துப் பார்த்து, தம் கருத்தை எழுதிவிட்டுப் போவார். அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும், இருக்கும் வசதிகளில் செலவுக்கு மேல் பயன் தருவது இதுதான் என்பது என் கருத்து. தன் வாதம் வெளியாள் ஒருவருக்கு எப்படித் தோன்றுகிறது என்பதைக் கேட்ட மாத்திரத்தில் தணிந்துபோகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுத்ததாக உள்ள பிணக்குத் தீர்வு அறிவிப்புப் பலகையில் தன்னார்வலர் ஒருவர் நடுவில் அமர்ந்து வாதங்களை ஒழுங்குபடுத்துவார். பங்கேற்பதும் பங்கேற்காததும் அவரவர் விருப்பம் என்பதால், எதிர்த்தரப்பு வராவிட்டால் விவகாரம் அப்படியே முடங்கிவிடும். சமயப் பிணக்குகளில் இது அடிக்கடி நேர்வது.

இந்த முறையின் இதயம் என்று சொல்லத்தக்கது ‘கருத்து வேண்டுகோள்’. கேள்வியைச் சுருக்கமாகவும் ஒரு பக்கம் சாயாமலும் எழுதி முன்வைத்தால், வழக்கமாக 30 நாள் வரை அது பொதுப் பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலில் சமயத்துக்கும் மெய்யியலுக்கும் சேர்த்துத் தனிப் பிரிவு இருக்கிறது. விருப்பம் தெரிவித்துப் பதிந்திருக்கும் பயனர்களில் சிலரைத் தானியங்கி ஒன்று தேர்ந்தெடுத்து அழைக்கவும் செய்கிறது. முடிவில், விவாதத்தில் கலந்துகொள்ளாத ஒருவர் அனைத்தையும் படித்து முடிவுரை எழுதுகிறார். அவர் தலைகளை எண்ணுவதில்லை. கொள்கைகளோடு பொருந்துகிற வாதம் எது என்று எடை போடுகிறார். ஒரே பிரிவைச் சேர்ந்தவர்கள் திரளாக வந்து கையெழுத்திட்டுவிட்டுப் போவதால் பயன் இல்லாமல் போவது இதனால்தான். சமயக் கட்டுரைகளுக்கு இதைவிட நல்ல காப்பு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஏற்பாடு சந்தித்த மிகக் கடினமான சோதனை, முகம்மது நபி பற்றிய கட்டுரையில் இடம்பெற்ற ஓவியங்கள் தொடர்பானது. அவற்றை நீக்கக் கோரி 2008-ஆம் ஆண்டில் இணைய மனு ஒன்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்த ஓவியங்கள் இழிவுபடுத்தும் நோக்கில் வரையப்பட்டவை அல்ல. முஸ்லிம் அரசவைகளில் உருவான ஏடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் ரஷீதுத்தீனின் உலக வரலாற்று நூலுக்காகத் தீட்டப்பட்டது. ‘விக்கிப்பீடியா தணிக்கைக்கு உட்பட்டதல்ல’ என்ற கொள்கையை ஒரு தரப்பு கையில் எடுத்தது. உருவம் தீட்டும் வழக்கம் இஸ்லாமிய மரபில் சிறுபான்மையானது, எனவே அதற்கு அவ்வளவு இடம் தருவதே நடுநிலைக்கு மாறானது என்று மறுதரப்பு வாதிட்டது. இந்த இரண்டாவது வாதம் எவ்வளவு முக்கியமானது என்பதைக் கவனிக்க வேண்டும்: புண்பட்ட உணர்வைச் சான்றின் மொழியில், கொள்கையின் சட்டகத்துக்குள் வைத்துப் பேசிய வாதம் அது. 2011-இன் இறுதியில் விவகாரம், பயனர்களின் நடத்தையை விசாரிக்கும் நடுவர் குழுவுக்குச் சென்றது. குழு ஓவியங்களைப் பற்றித் தானே தீர்ப்புக் கூறாமல், நடத்தை மீறியவர்களைக் கண்டித்துவிட்டு, சமூகமே ஒரு விரிவான கருத்து வேண்டுகோளை நடத்தி முடிவு காண வேண்டும் என்று பணித்தது. 2012-இல் நடந்த அந்த விவாதத்தின் முடிவில் ஓவியங்கள் நிலைத்தன. கட்டுரையின் தலைப்பகுதியில் உருவப்படம் இல்லை, எழுத்தணிக் கலைவடிவமே இருக்கிறது. படங்களைப் பார்க்க விரும்பாதவர் தம் கணினியில் அவற்றை எப்படி மறைத்துக்கொள்ளலாம் என்ற விளக்கமும் பேச்சுப் பக்கத்தை ஒட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்த முடிவென்று இதைச் சொல்ல முடியாது. எனினும், ஏன் இந்த முடிவு என்று கேட்பவர் எவரும் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்ளும்படி முழு வாதமும் திறந்தே கிடக்கிறது.

நடுவர் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயனர்களால் தேர்ந்தெடுக்கப்படும் இந்தக் குழு நடத்தையை மட்டுமே விசாரிக்கும். கட்டுரையில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லாது. சயன்டாலஜி என்ற புதிய சமய இயக்கம் தொடர்பான வழக்கில் 2009 மே மாதம் அது வழங்கிய தீர்ப்பு பரவலாகப் பேசப்பட்டது. அந்த அமைப்புக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் உரிய இணைய முகவரிகளிலிருந்து தொகுப்பதற்கு அது தடை விதித்தது. அதோடு நிற்காமல், எதிர்த்தரப்பில் வரம்பு மீறிய பயனர்கள் சிலரையும் அந்தத் தலைப்பிலிருந்து விலக்கி வைத்தது. இரு தரப்பிலும் தவறு இருந்தால் இரு தரப்பையும் கண்டிக்க ஒரு மன்றம் இருக்கிறது என்பது பெரிய ஆறுதல்.

குறைகளுக்கு வருகிறேன். இரு தரப்பையும் அமர்த்தி, மாதக்கணக்கில் பேசி, ஓர் ஒப்புதலுக்குக் கொண்டுவருவதற்கென்றே இருந்த சமரசக் குழு 2018-இல் கலைக்கப்பட்டது. அதற்கு வந்த வேண்டுகோள்கள் குறைந்துபோனது உண்மைதான். இருந்தாலும், சமயப் பிணக்குகளுக்குத் தேவைப்படும் நீண்ட, மெதுவான உரையாடலுக்கு வேறு இடம் இல்லாமல் போயிற்று. கருத்து வேண்டுகோளில் ஒரு தரப்பு வெல்லும், ஒரு தரப்பு தோற்கும், சமரசம் அப்படிப்பட்டதல்ல. இதைக் கலைத்தது தவறு என்றே நான் இன்றும் கருதுகிறேன்.

சான்றுகளின் இருப்பிலும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. பல்கலைக்கழக அச்சகங்கள் நூல் நூலாக வெளியிட்டிருக்கும் சமயங்களுக்கு இந்த முறை நன்கு பொருந்துகிறது. வாய்மொழியாகவே வாழ்ந்துவரும் வழிபாட்டு மரபுகளைப் பற்றிய பிணக்கில், அம்மரபினரின் சொல்லுக்கு அச்சில் சான்று இல்லாததால், வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டு எழுதியவரின் ஒற்றை நூலே வென்றுவிடுகிறது. கொள்கை கெடுநோக்கமுடையது என்று நான் சொல்லவில்லை. அதன் விளைவு நியாயமாக இல்லை என்கிறேன்.

இவற்றைவிட எனக்கு அதிக வருத்தம் தருவது புதியவர்களை எதிர்கொள்ளும் விதம். தன் வழிபாட்டுக்குரியவரைப் பற்றி ஒரு வரியைப் படித்து மனம் துடித்து முதல்முறையாகப் பேச்சுப் பக்கத்துக்கு வருகிறவருக்கு, ‘என்.பி.ஓ.வி.யைப் பாருங்கள்’ (நடுநிலை நோக்கு), ‘ஆர்.எஸ். தேவை’ (நம்பகமான சான்று) என்று எழுத்துச் சுருக்கங்களே பதிலாகக் கிடைக்கின்றன. அந்தக் கேள்வியை நூறு முறை கேட்டுச் சலித்தவர் எழுதிய பதில் அது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால், கேட்பவருக்கு அது முதல் முறை. அவர் இரண்டாம் நாள் கோபத்தோடு எழுதுவார், மூன்றாம் நாள் தடை செய்யப்படுவார். அவர் சொல்ல வந்ததில் இருந்திருக்கக்கூடிய நியாயமான திருத்தமும் அவரோடு போய்விடும். மோதல் மிகுந்த தலைப்புகள் சிலவற்றில் 30 நாள் வயதும் 500 தொகுப்புகளும் (திருத்தங்களும்) உடைய கணக்குகளே தொகுக்கலாம் என்ற பூட்டு போடப்படுகிறது. போலிக் கணக்குகளைத் தடுக்க அது தேவைதான். ஆனால், அந்தப் பூட்டுக்கு வெளியே நிற்பவருக்குப் பேச்சுப் பக்கம் ஒன்றே வழி என்னும்போது, அங்கே கிடைக்கும் முதல் பதில் மனிதர் ஒருவர் மனிதருக்கு எழுதுவதாக இருக்க வேண்டும்.

பெரும்பாலான மற்ற மொழி விக்கிப்பீடியாக்களில் நடுவர் குழு கிடையாது. நிருவாகிகளும் மிகச் சிலரே. அங்கே பூட்டுவதும் தடுப்பதும் சமரசம் பேசுவதும் ஒரே கையில் வந்து சேர்வதால், விவாதத்தில் கலந்துகொள்ளாதவரே முடிவுரை எழுத வேண்டும் என்ற அருமையான விதியைக் கடைப்பிடிப்பது கடினமாகிறது.

இதைப் பயன்படுத்த எண்ணுகிறவர்களுக்குச் சில சொற்கள். கட்டுரையில் கை வைப்பதற்கு முன் பேச்சுப் பக்கத்தின் காப்பகங்களைத் தேடுங்கள். உங்கள் கேள்வி பெரும்பாலும் அங்கே விவாதிக்கப்பட்டிருக்கும். நம்பிக்கையை வாதமாக வைக்காமல், அந்த நம்பிக்கையைப் பற்றி எழுதிய ஆய்வாளரின் நூலையும் பக்கத்தையும் வையுங்கள். எதிர்த்தரப்பு இருவர் மூவரோடு நின்றால் மூன்றாம் கருத்துப் பக்கம் உதவாது என்பதால், நேரே கருத்து வேண்டுகோளுக்குச் செல்லுங்கள். அதற்கான கேள்வியை எழுதியவுடன் பொதுவில் வைத்துவிடாமல், உங்களோடு முரண்படுகிறவரிடமே முதலில் காட்டி, இது இரு தரப்பையும் சரியாகச் சொல்கிறதா என்று கேளுங்கள். அவர் திருத்திக் கொடுத்தால் அந்தத் திருத்தத்தோடு வையுங்கள். கேள்வியே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற புகாரிலேயே பாதி நாட்கள் கழிந்துபோவது அப்போது நேராது.